கல்யாண வேனுக்கு மூன்று கையெழுத்து

என் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தவன் நான்தான். இதை என் மனைவி ஜெசிந்தா சொல்வதற்கு முன் நானே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. அவள் ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் ஆகும். நடுநடுவே என் குரலில் வேறு பேசிக் காட்டுவாள்.

சீர்வரிசையில் சண்டை, மாப்பிள்ளை வேறொரு பெண்ணோடு ஓட்டம் என்று கௌரவமான காரணங்களால் நின்ற கல்யாணங்கள் எத்தனையோ உண்டு. எங்களுடையதை நிறுத்தப் பார்த்தது ஒரு ரோஸ் நிறப் படிவம். அதை எழுதியது நான். ஸ்டென்சில் வெட்டியது நான். சைக்ளோஸ்டைல் மெஷினில் நூறு பிரதி எடுத்து, முழங்கை வரை மசியோடு கேன்டீனுக்குப் போய், "எப்படி வந்திருக்கு பார்த்தீங்களா?" என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் நீட்டியதும் நான்தான்.

எண்பதுகளின் கடைசி அது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர்க் குழாய்க்கு வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் நான்தான் பர்சனல் டிபார்ட்மென்ட். (டிபார்ட்மென்ட் என்றால் ஒரு மேசை, ஒரு பீரோ, நான்.) ஊழியர்களுக்குக் கம்பெனி சில சலுகைகள் கொடுத்துவந்தது. வருடத்துக்கு ஒரு ஜோடி ஷூ, மருத்துவச் செலவு, கண்ணாடி, வெளியூர் போனால் பயணப்படி, வீட்டில் கல்யாணம் என்றால் ஒரு நாளைக்குக் கம்பெனி வேன். இதையெல்லாம் வாங்க அதுவரை ஒரே வழிதான் இருந்தது. மேனேஜர் காலையில் ஷாப் ஃப்ளோரைச் சுற்றி வரும்போது கூடவே நடந்துகொண்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவர் நடையை நிறுத்தாமல், "சரிப்பா, எடுத்துக்கோ" என்பார். அவ்வளவுதான். பத்து வருடமாக அப்படித்தான் நடந்தது, ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

அந்த நிம்மதியை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. நான் அப்போதுதான் நகரத்துக்குள் ஒரு பெரிய ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்திருந்தேன். வகுப்பெடுத்தவர் டை கட்டியிருந்தார். "ஒரு கம்பெனியில் காகிதம் எங்கே போகிறது என்று தெரியவில்லை என்றால், அந்தக் கம்பெனியே எங்கே போகிறது என்று தெரியாது" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு ஐஸ்கிரீம் வேறு கொடுத்ததால் அவர் சொன்ன எதையும் என்னால் சந்தேகிக்க முடியவில்லை.

திரும்பி வந்து ஒரே மாதத்தில் கம்பெனியைத் தலைகீழாக மாற்றினேன். மருத்துவச் செலவுக்கு வெள்ளைப் படிவம், பயணப்படிக்கு மஞ்சள், வேனுக்கு ரோஸ். ஒவ்வொன்றுக்கும் மூன்று கையெழுத்து. எந்தக் காகிதம் யாரிடமிருந்து யாரிடம் போக வேண்டும் என்று கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, அடியில் பன்னிரண்டு விதிகளும் எழுதி ஒரு பெரிய அட்டை தயாரித்தேன். அதை ஐந்து இடங்களில் ஒட்டினேன். செக்யூரிட்டி அறையிலும் கை கழுவும் இடத்திலும்கூட. தொழிலாளர்கள் அன்றிலிருந்து என்னை 'அம்புக்குறி சார்' என்று அழைத்தார்கள். அது மரியாதையில் வந்த பெயர் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

புது ஷூ வேண்டும் என்றால் பழைய ஷூவைப் படிவத்துடன் இணைக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தேன். இணைத்தார்கள். ஒரே வாரத்தில் நாற்பத்தோரு ஜோடி, ஒவ்வொன்றும் நூலால் படிவத்தோடு கட்டப்பட்டு, என் மேசையைச் சுற்றி வந்து சேர்ந்தது. அந்த மாதம் முழுக்க என் அறைக்குள் யாரும் தேவையில்லாமல் வரவில்லை. வலது கையில் அடிபட்ட ஒரு ஃபிட்டர் வெள்ளைப் படிவத்தில் கைநாட்டு வைத்துக் கொண்டுவந்தார். கையெழுத்து போடத் தெரிந்தவர் கைநாட்டு வைக்கக் கூடாது என்று திருப்பி அனுப்பினேன். கை குணமாகி, கையெழுத்துப் போட்டு அவர் மறுபடி கொண்டுவந்தபோது நான் வைத்திருந்த பதினைந்து நாள் கெடு முடிந்திருந்தது. கை சீக்கிரம் ஆறியதற்கு அவரைப் பாராட்டி அனுப்பினேன். (இன்று நினைத்தால் அவர் அந்தக் கையால் என்னை ஒன்று போட்டிருக்க வேண்டும்.)

ஆனால் என் மூளையின் உச்சம் என்றால் அது ரோஸ் படிவம்தான். அதற்கு முந்தைய வருடம் லேத் பிரிவில் ஒருவர் தங்கை கல்யாணம் என்று சொல்லி வேனை எடுத்துக்கொண்டு நண்பர்களோடு மகாபலிபுரம் போய்வந்திருந்தார். வேனில் ஒரு வாரம் நண்டு வாசனை அடித்தது. பிறகு விசாரித்ததில் அவருக்குத் தங்கையே இல்லை. இதை மனதில் வைத்து, ரோஸ் படிவத்தின் அடியில் இப்படி எழுதினேன்: 'திருமணம் நடைபெற்றதற்கான சான்றிதழை இணைத்தால் மட்டுமே மூன்றாவது கையெழுத்து இடப்படும். மூன்றாவது கையெழுத்து இல்லாமல் வேன் வெளியே செல்லாது.'

நிதானமாக இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். கல்யாணம் முடிந்ததற்கு அத்தாட்சி கொடுத்தால்தான் கல்யாணத்துக்கு வேன்.

நான் இதை எழுதினேன், படித்தேன், தட்டச்சு செய்தேன், ஒட்டினேன். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. மேனேஜரும் படிக்காமல், "சரிப்பா, ஒட்டிக்கோ" என்றார். அதற்குப் பிறகு எட்டு மாதத்தில் ஒருவர்கூட வேன் கேட்கவில்லை. எல்லாரும் பூந்தமல்லியில் வாடகை வேன் பிடித்துக்கொண்டார்கள். வேன் துஷ்பிரயோகம் முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று நான் மேனேஜருக்கு ஒரு அறிக்கை கொடுத்தேன்.

வேன் டிரைவர் கன்னியப்பன் அந்த ஊர்க்காரர். எனக்குப் பத்து வயது மூத்தவர். ஒருநாள் மழையில் நனைந்துகொண்டு போன கேன்டீன் அம்மாவை வேனில் ஏற்றிப் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். ரோஸ் சீட்டு இல்லை. நான் அவருக்கு ஒரு மெமோ கொடுத்தேன். இரண்டாவது மெமோ வந்தால் வேலை போய்விடும் என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. கூடவே அரை மணி நேரம் நிற்க வைத்து அறிவுரையும் சொன்னேன். "கடவுளே வந்து கேட்டாலும் சரி கன்னியப்பன், ரோஸ் சீட்டு இல்லாமல் சாவியைத் தொடக் கூடாது." அவர் மெமோவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

இந்த லட்சணத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வேலப்பன்சாவடி. பூந்தமல்லியில் தபால் ஆபீஸ் கவுன்டரில் வேலை. மாமனார் ஞானப்பிரகாசம் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அங்கேயே குவார்ட்டர்ஸில் ஒரு பையனைப் பார்த்து வைத்திருந்தாராம். தனியார் கம்பெனி என்றாலே அவருக்கு இளப்பம். நிச்சயதார்த்தத்தில் பாயாசம் குடித்துக்கொண்டே, "உங்க கம்பெனியில எம்ப்ளாயீஸுக்கு என்ன செய்றாங்க?" என்று கேட்டார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "கல்யாணத்துக்கு வேன் தர்றாங்க மாமா. நீங்க வண்டி எதுவும் பேசாதீங்க. ஏழரை மணிக்கு எங்க கம்பெனி வேன் உங்க வாசல்ல நிக்கும்."

அவர் ஏற்கெனவே பேசி வைத்திருந்த வண்டியை அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மூன்று வாரம் முன்னதாகவே ரோஸ் படிவத்தைப் பூர்த்தி செய்து என் மேசைமேல் இருந்த 'உள்வருபவை' தட்டில் வைத்தேன். முதல் கையெழுத்து பர்சனல். அதாவது நான். பேனாவைத் திறந்தபோதுதான் ஏழாவது விதி ஞாபகம் வந்தது: விண்ணப்பித்தவரே ஒப்புதல் அளிக்கலாகாது. இதற்கு என்ன செய்வது என்று மேனேஜரைக் கேட்க வேண்டும் என நினைத்தேன். அதற்குள் பத்திரிகை கொடுக்க, கோட் தைக்க என்று லீவில் போய்விட்டேன். படிவம் தட்டிலேயே தூங்கியது. நடைமுறை என்று ஒன்று இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

போவதற்கு முன் ஒரு வேலையை மட்டும் மறக்காமல் முடித்தேன். கல்யாணம் திங்கட்கிழமை, வேலை நாள். கோயிலுக்கு வர இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டு முப்பத்திரண்டு பேர் கொடுத்த படிவங்களில் ஒன்றுவிடாமல் கையெழுத்துப் போட்டேன். என் கல்யாணத்துக்கு வர எல்லாருக்கும் அனுமதி இருந்தது. மணப்பெண்ணுக்கு மட்டும் இல்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அம்பத்தூரில் எங்கள் பங்குக் கோயில் வாசலில் கோட் போட்டு நின்றிருந்தேன். கல்யாணத் திருப்பலி ஒன்பதரைக்கு. பதினொரு மணிக்கு அதே கோயிலில் இன்னொரு கல்யாணம் இருந்தது. அதனால் தாமதம் கூடாது என்று பங்குச் சாமியார் முந்தின நாளே மூன்று முறை சொல்லியிருந்தார். மேனேஜர் முன் வரிசையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். அப்போது கம்பெனி வாட்ச்மேன் சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், வேன் இன்னும் கேட்டுக்குள்ளயே கீது. பொண்ணு ஊட்லேர்ந்து போன் மேல போன்" என்றார்.

தம்பியின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு பறந்தேன். கம்பெனி கேட்டுக்கு உள்ளே வேன் நின்றிருந்தது. பளபளவென்று கழுவி, முன்பக்கம் முழுக்க சாமந்திச் சரம் போட்டு, கண்ணாடியில் வெள்ளை ரிப்பன் கட்டி, ஜோராக இருந்தது. அதன் படியில் கன்னியப்பன் தேய்த்த யூனிஃபார்மில் உட்கார்ந்து தினத்தாள் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு கைகுலுக்கினார்.

"வாழ்த்துகள் சார். கோட்டு சோக்கா கீது."

"கன்னியப்பன், வேன் ஏன் இன்னும் கிளம்பலை?"

"காத்தால அஞ்சு மணிக்கே வந்து சோடிச்சி வச்சிட்டேன் சார். பூவு என் சொந்த செலவு. சீட்டு வந்துச்சின்னா கெளம்ப வேண்டியதுதான்."

"என்ன சீட்டு? கல்யாணமே எனக்குத்தான். நான் சொல்றேன், எடுங்க."

அவர் வருத்தத்தோடு தலையாட்டினார். "நீங்க இன்னிக்கு லீவுல கீறீங்க சார். லீவுல கீறவங்க ஆர்டர் செல்லாதுன்னு நீங்கதான் ஒட்டி வச்சிகினு கீறீங்க." திரும்பி செக்யூரிட்டி அறைச் சுவரைக் காட்டினார். பத்தாவது விதி. என் கையெழுத்தோடு.

"கன்னியப்பன், இது அவசரம்."

அவர் சட்டைப் பைக்குள் கை விட்டு, நாலாக மடித்த காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்த அந்த மெமோவை நான் எழுதியபோது எவ்வளவு ரசித்து எழுதினேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "இன்னொரு மெமோ வந்தா வேல பூடும் சார். மூணு பொண்ணு கீது. நீங்க கண்ணாலம் கட்டிகினு பூடுவீங்க. நாளைக்கு லீவு முடிஞ்சி வந்து மெமோ குடுப்பீங்க. உங்கள நம்ப முடியாது சார், தப்பா நெனச்சிக்காதீங்க."

தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. நான் கொடுத்திருப்பேன்.

அந்த நேரம் பார்த்து கேட்டில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. சந்தன நிறப் பட்டுச்சேலை, தலை நிறைய பூ, ஒரு கையில் சுருட்டி வைத்த வெள்ளை முக்காட்டு வலை, இன்னொரு கையில் கல்யாணச் செருப்பு, காலில் ஹவாய் செருப்பு. இறங்கியது ஜெசிந்தா. (கோயிலுக்கு முன்னால் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று என் அம்மா சொல்லியிருந்தார். பார்த்துவிட்டேன். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்கிற மாதிரி ஒரு முகம்.)

"அப்பாவும் பதினாலு பேரும் வாசல்ல நிக்கிறாங்க" என்றாள். "ஆட்டோ பிடிச்சுப் போகலாம்னா அப்பா அசைய மாட்டேங்கிறாங்க. மாப்பிள்ளை சொன்ன வேன் வரட்டும்கிறாங்க. ஒரு வேன் அனுப்ப முடியாதவன்கிட்ட பொண்ணை எப்படி அனுப்புறதுன்னு கேக்குறாங்க. ஒன்பதே காலுக்குள்ள வேன் வரலைன்னா சேலையை மடிச்சுப் பெட்டியில வைன்னு சொல்லிட்டாங்க. அவங்க சொன்னா சொன்னதுதான். இப்ப சொல்லுங்க, என்ன பிரச்சினை?"

மணி எட்டரை. முப்பத்திரண்டு பேர் அனுமதி வாங்கி வந்து உட்கார்ந்திருக்கும் கோயிலில் நான் மட்டும் தனியாகப் பீடத்துக்கு முன்னால் நிற்பது கண்ணில் தெரிந்தது. அதைவிட, இந்தப் பெண் திரும்பி அந்த ஆட்டோவிலேயே ஏறிப் போய்விட்டால் என்ன செய்வேன் என்று நினைத்தபோது நிஜமாகவே பயம் வந்தது.

"கையெழுத்து வேணும்" என்றேன்.

"எத்தனை?"

"மூணு."

"முதல்ல யாரு?"

"நான்."

"போடுங்க."

"எனக்கு நானே போடக் கூடாது."

"யார் சொன்னது?"

"நான்தான்."

அவள் கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தாள். "சரி, அதை விடுங்க. மூணாவது யாரு?"

"மேனேஜர். கோயில்ல உட்கார்ந்திருக்கார்."

"போய்க் கூட்டிட்டு வாங்க."

"கூட்டிட்டு வரலாம். ஆனா கல்யாண சர்டிஃபிகேட் இணைச்சாத்தான் அவர் போட முடியும்."

"எந்தக் கல்யாண சர்டிஃபிகேட்?"

"நம்ம கல்யாண சர்டிஃபிகேட்."

கன்னியப்பன் தினத்தாளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். வாட்ச்மேன் இருமினார். எட்டு மாதமாக அந்த அட்டைக்குக் கீழே உட்கார்ந்திருந்த இருவருக்கும் இது முதலிலேயே தெரியும் என்பது அவர்கள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. "ஏன் என்கிட்ட யாரும் சொல்லலை?" என்றேன்.

"புகார் சொல்றதுக்கு நீல ஃபாரம் வேணும் சார்" என்றார் வாட்ச்மேன். "அது இன்னும் அச்சடிச்சி வரல."

ஜெசிந்தா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். செக்யூரிட்டி அறைக்குள் போய் அட்டைக்கு எதிரில் நின்று மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தாள். நாள் முழுக்கப் படிவங்களோடு மல்லுக்கட்டுகிற வேலை அவளுக்கு. ஒவ்வொரு அம்புக்குறியாக விரலை ஓட்டினாள். வலது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் விரல் நின்றது.

"இது என்ன, 'பொருட்கள் வெளியே செல்ல - ஸ்டோர்ஸ் கையெழுத்து மட்டும்'?"

"அது மெட்டீரியலுக்கு" என்றேன். "கேட் பாஸ். பொருள் ரிப்பேருக்கு, முலாம் பூச, அப்படி எதுக்காவது வெளியே போனா ஸ்டோர்ஸ்காரர் ஒரு கையெழுத்து போட்டா போதும். வேன் போகலாம்."

"வால்வுக்கு ஒரு கையெழுத்து. மனுஷருக்கு மூணு."

"மனுஷங்க ஏமாத்துவாங்கன்னு..."

"ஸ்டோர்ஸ்காரர் இன்னிக்கு இருக்காரா?"

இருந்தார். வரதராஜன் சாருக்கு அனுமதிப் படிவத்தில் நானே கையெழுத்து போட்டிருந்தேன். ஆனாலும் ஸ்டோரைப் பூட்டிவிட்டு வர அவருக்கு மனசு வரவில்லை. முப்பது வருட சர்வீஸில் ஒரு நட்டுக்கூடக் கணக்கில்லாமல் வெளியே போகவிட்டவர் இல்லை. ஜெசிந்தா அவர் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்று, "சார், ஒரு கேட் பாஸ் போடணும். மெட்டீரியல் நான்தான்" என்றாள்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். வரதராஜன் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட் பாஸ் புத்தகத்தைத் திறந்து, நடுவில் கார்பனைச் சொருகினார்.

"விவரம்?"

"மணப்பெண்."

"எண்ணிக்கை ஒண்ணு." எழுதினார். "எடை?"

ஜெசிந்தா அவரைப் பார்த்த பார்வையில் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். "பெறுபவர்... பெர்னாட், பர்சனல். சரி. காரணம் என்னம்மா? அச்சடிச்சது நாலுதான் இருக்கு. ரிப்பேர், முலாம், பாலிஷ், டெஸ்டிங். இதுல ஒண்ணை டிக் பண்ணணும்."

நான் டெஸ்டிங் என்று சொல்ல வாயெடுத்தேன். ஜெசிந்தா முந்திக்கொண்டாள். "ரிப்பேர்னு போடுங்க சார். இவரை ரிப்பேர் பண்ணத்தானே போறேன்."

"கரீட்டா சொன்னீங்கமா" என்றார் கன்னியப்பன்.

வரதராஜன் சார் ரிப்பேரில் டிக் செய்தார். ரிப்பேருக்குப் போவதெல்லாம் திரும்பி வர வேண்டியது என்பதால், வழக்கப்படி பக்கத்திலேயே 'ரிட்டர்னபிள், முப்பது நாள்' என்பதிலும் டிக் செய்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். அவசரத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. கன்னியப்பன் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, சாவியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். வாட்ச்மேன் கேட்டைத் திறந்து, புத்தகத்தில் நேரம் எழுதி, சாமந்திச் சரத்துக்கு ஒரு சல்யூட் வைத்தார். ஜெசிந்தா ஜன்னல் வழியாக, "நீங்க போய்க் கோயில்ல நில்லுங்க. தயவுசெஞ்சு வேற எதையும் செய்யாதீங்க" என்றாள்.

நான் போய் நின்றேன். ஒன்பதரை ஆயிற்று. சாமியார் உடுப்போடு வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதே முக்கால். பாடகர் குழு ஒரே பாட்டை மூன்றாம் முறை பாடியது. ஒன்பது ஐம்பதுக்கு வேன் வந்து நின்றது. முன் சீட்டில் மாமனார், கோட்டையைப் பிடித்தவர் போல உட்கார்ந்திருந்தார். பின்னால் பதினாலு பேர். எல்லாருக்கும் நடுவில் ஜெசிந்தா. ஒன்பது பன்னிரண்டுக்கு வேலப்பன்சாவடி வாசலில் வேனைப் பார்த்ததும் மாமனார், "நான்தான் சொன்னேனே, வரும்னு" என்றாராம்.

இத்தோடு முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். கன்னியப்பன் இறங்கி வந்து, வேன் கதவுக்கும் எனக்கும் நடுவில் நின்று, கேட் பாஸின் நகலையும் பேனாவையும் நீட்டினார்.

"கையெழுத்து சார்."

"எதுக்கு?"

"மெட்டீரியல பெத்துகினதுக்கு. கையெழுத்து வாங்காத சாமான எறக்கப்புடாதுன்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க. பன்னெண்டாவது விதி."

மேனேஜர், சாமியார், மாமனார், முப்பத்தோரு ஊழியர்கள், பதினொரு மணிக் கல்யாணத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்ட யாரோ ஒரு குடும்பம், இத்தனை பேருக்கு முன்னால், தம்பியின் முதுகில் காகிதத்தை வைத்து, 'ஒன்று. நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளே இன்னொரு புத்தகம் இருக்கு. அதுலயும் போடணும்" என்றார். மேனேஜர் அந்த நகலை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு திருப்பலி முடியும்வரை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். உருக்கத்தில் அழுகிறார் என்று என் அம்மா நினைத்துவிட்டார்.

லீவு முடிந்து போனபோது ஐந்து இடங்களிலும் அட்டைகள் காணவில்லை. "மறுபடியும் என்கிட்டயே வந்து கேக்கட்டும்பா" என்றார் மேனேஜர். கன்னியப்பனின் மெமோவை நானே கேட்டு வாங்கிக் கிழித்தேன். மன்னிப்பும் கேட்டேன். அவர், "இதுக்கு எந்த ஃபாரம் சார்?" என்றார்.

ஆனால் ஸ்டோர்ஸ் புத்தகத்தை யாரும் ஒழிக்கவில்லை. முப்பத்தோராம் நாள் நோட்டீஸ் போர்டில் வரதராஜன் சாரின் பட்டியல் ஏறியது. கெடு தாண்டியும் திரும்பாத பொருட்கள்: மோட்டார் ஒன்று, கேஜ் இரண்டு, மணப்பெண் ஒன்று. அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் ஏறியது. மோட்டார் வந்தது, கேஜ் வந்தது. ஆடிட்டருக்கு விளக்கம் கொடுக்க வேண்டி வந்தபோது வரதராஜன் சார் நாணயமாக, 'ரிப்பேர் இன்னும் முடியவில்லை' என்று எழுதிக் கொடுத்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் வேறு கம்பெனிக்குப் போக முடிவு செய்தேன். விலகுகிறவர் எல்லாப் பிரிவிலும் பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். அந்தப் படிவம் என்னுடைய பழைய படிவங்களில் தப்பிப் பிழைத்த ஒன்று. ஸ்டோர்ஸ் ஜன்னலில் வரதராஜன் சார் தலையை ஆட்டினார். "உங்க பேர்ல ஒரு ரிட்டர்னபிள் கேட் பாஸ் திறந்தே இருக்கே பெர்னாட். அது உள்ளே வந்தாத்தான் நான் போட முடியும்."

ஜெசிந்தா வந்தாள். ஒரு சனிக்கிழமை, எங்கள் மகளையும் மகனையும் கையில் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி கேட்டுக்குள் நடந்து வந்தாள். கன்னியப்பன் ஓடிப்போய் நாற்காலி எடுத்துவந்து போட்டார். வரதராஜன் சார் அந்தப் பழைய பக்கத்தைத் தேடி எடுத்தார்.

"போனது ஒண்ணு. வந்தது மூணா இருக்கே."

"கூடுதலுக்குத் தனி ஃபாரம் உண்டா சார்?" என்றாள் ஜெசிந்தா.

அவர் முதல் முறையாகச் சிரித்தார். "ரிப்பேர் முடிஞ்சுதாம்மா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஓரளவுக்கு சார். வந்துட்டுதுன்னு எழுதிக்கங்க, பாவம், அவர் புதுக் கம்பெனியில போய்ச் சேரணும்."

அவர் எழுதி முடித்தார். என் படிவத்தில் கையெழுத்தும் போட்டார். ஆனால் உள்ளே வந்த பொருள் வெளியே போக வேண்டுமே. அதனால் இன்னொரு கேட் பாஸ் எழுத ஆரம்பித்தார். நான் ஜன்னலில் குனிந்து, "இந்தத் தடவை திரும்ப வர வேண்டியதில்லைன்னு டிக் பண்ணிடுங்க சார்" என்றேன்.

"வேண்டாம் சார்" என்றாள் ஜெசிந்தா. "ரிட்டர்னபிள்னே இருக்கட்டும். முப்பது நாள்."

அந்தக் கேட் பாஸ் இப்போதும் எங்கள் பீரோவில், கோயில் கொடுத்த கல்யாண சர்டிஃபிகேட்டுக்கு மேலே இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் மாதா மாதம் ஒன்றாம் தேதி அவள் 'மேலும் முப்பது நாள்' என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போடுவாள். இடம் தீர்ந்து, காகிதம் ஒட்டி, அதுவும் தீர்ந்து மறுபடி ஒட்டியிருக்கிறோம். பிள்ளைகள் போனில் பேசும்போது, "அப்பா, இந்த மாசம் நீட்டிச்சாச்சா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். முப்பதாம் தேதி வந்தால் நான் கொஞ்சம் சீக்கிரம் எழுந்து காபி போட்டுவிடுவேன். நீட்டிப்புக்கு ஒரே ஒரு கையெழுத்துதான் வேண்டும், ஆனால் அதை நான் போட முடியாது.